எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்குதா? நியூட்ரினோவைக் கணித்த பௌலியின் கதை!

தேனி மாவட்டம், போடி பக்கம், ஏலமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிபுரம். அங்கே மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் இரும்புக் கருவி வைத்து நியூட்ரினோவை ஆராய்வதுதான் திட்டம். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தண்ணீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 2022-ல் தமிழக அரசும் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மலை அப்படியே நிற்கிறது.

இந்தச் சண்டை நமக்குத் தெரியும். ஆனால், கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள் இருந்தே ஆக வேண்டும் என்று முதலில் சொன்னவரைத் தெரியுமா? அவர் பெயர் உல்ஃப்காங் பௌலி. நம் வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தால் யாராவது வந்து, எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்குது என்று சொல்வார்களே... அந்த வார்த்தையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய மனிதர்.

ஞானத்தந்தை நம்பாததை நம்பிய பிள்ளை

1900, ஏப்ரல் 25 அன்று வியன்னாவில் பிறந்தார் பௌலி. அப்பா யூதக் குடும்பத்திலிருந்து கத்தோலிக்கராக மாறியவர். குழந்தைக்கு ஞானத்தந்தையாக வந்தவர் எர்ன்ஸ்ட் மாக் என்ற பெரிய விஞ்ஞானி. புலன்களுக்கு எட்டாத எதையும் அறிவியலுக்குள் விடக் கூடாது என்பது மாக்கின் கொள்கை. அணுவைக்கூட அவர் ஏற்கவில்லை. அவருடைய ஞானப்பிள்ளைதான் பின்னாளில் யாராலும் பார்க்க முடியாத ஒரு துகளைக் கணித்தார்!

21 வயதிலேயே சார்பியல் பற்றி 200 பக்கங்களுக்கு மேல் எழுதி ஐன்ஸ்டைனை அசத்தினார். 1925-ல் அவர் கண்டுபிடித்த விலக்கல் தத்துவம்தான் 1945-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. கூடவே அவருக்கு நாக்கும் கூர்மை. எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் தப்பு என்றால் தப்புதான்.

மூன்று வருடத்தில் மூன்று அடி

1927 நவம்பரில் அவர் அம்மா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அடுத்த வருடமே அப்பா, வயதில் ரொம்பச் சின்னப் பெண் ஒருவரை மறுமணம் செய்தார். 1929-ல் பௌலி கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறினார். அதே வருடக் கடைசியில் ஒரு நடனக் கலைஞரைக் கல்யாணம் செய்தார். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1930 நவம்பரில் விவாகரத்து.

ஒன்றிரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. 1930, டிசம்பர் 4 அன்று ஒரு மாநாட்டுக்குக் கடிதம் எழுதினார். அணுக்கரு சிதையும்போது கொஞ்சம் ஆற்றல் கணக்கில் வராமல் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஆற்றல் அழியாது என்ற விதியே அங்கே செல்லாதோ என்று போர் போன்ற மேதைகளே யோசித்த நேரம். பௌலி விதியைக் கைவிடவில்லை. கண்ணில் படாத ஒரு துகள் அந்த ஆற்றலைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றார். மாநாட்டுக்கு நேரில் போகவில்லை. ஏன் தெரியுமா? அன்றைக்கு சூரிச்சில் ஒரு நடன விருந்து!

வெளியே விருந்து, உள்ளே சிதைவு. குடி கூடியது. 1932-ல் மனநல மருத்துவர் கார்ல் யுங்கைத் தேடிப் போனார். தன் கனவுகளை நூற்றுக்கணக்கில் எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்ல மீண்டார். 1934-ல் ஃபிரான்காவை மணந்தார். இந்த உறவு கடைசிவரை நிலைத்தது.

யுங்குடனான நட்பும் தொடர்ந்தது. காரணகாரியத் தொடர்பே இல்லாத இரண்டு சம்பவங்கள் ஒரே நேரத்தில் நடந்து, நமக்கு அர்த்தமுள்ளதாகத் தெரிகிறதே... அது வெறும் தற்செயலா? இதைத்தான் இருவரும் பல வருடம் பேசினார்கள். 1952-ல் இருவரின் கட்டுரைகளும் ஒரே புத்தகமாக வந்தன. கோரிக்கை வைத்தால் நிறைவேற்றித் தரும் கடவுளைப் பௌலி தேடவில்லை. எல்லாமே குருட்டுத் தற்செயல் என்ற பதிலிலும் அவருக்குத் திருப்தி இல்லை.

இதற்கு அவரைச் சுற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. பௌலி நுழைந்தாலே ஆய்வுக்கூடத்தில் கருவி உடையும் என்பார்கள். ஹாம்பர்க்கில் ஒரு நண்பர் தன் ஆய்வுக்கூடத்துக்குள் அவரை விடவே இல்லை. பௌலியும் இதைப் பாதி சிரிப்போடும் பாதி நிஜமாகவும் நம்பினார்.

26 வருடம் கழித்து வந்த தந்தி

1956 ஜூனில் அமெரிக்காவிலிருந்து ஒரு தந்தி. அணு உலை பக்கத்தில் நியூட்ரினோவைப் பிடித்துவிட்டோம் என்று ரைன்ஸும் கோவனும் அனுப்பியிருந்தார்கள். கணித்து 26 வருடம் கழித்து, காணாமல் போன ஆற்றலுக்குக் கணக்கு கிடைத்தது. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நம் நாட்டிலும் நியூட்ரினோ பதிவானது. இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக மட்டும் சூரியனிலிருந்து வந்த பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. ஒன்றும் தெரியவில்லை, இல்லையா?

1958 டிசம்பரில் கடும் வயிற்று வலியோடு சூரிச் மருத்துவமனையில் சேர்ந்தார் பௌலி. அறை எண் 137. ஒளிக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஒரு இயற்கை எண், ஏறக்குறைய 137-ல் ஒரு பங்கு. அது ஏன் அந்த அளவு என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர் அவர். பார்க்க வந்த உதவியாளரிடம் அறை எண்ணைச் சுட்டிக்காட்டி, தான் இங்கிருந்து உயிரோடு வெளியே போகப் போவதில்லை என்றார். டிசம்பர் 15-ல் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 58.

இது விதியா? யோசித்துப் பார்த்தால், அறை கிடைப்பதற்கு முன்பே புற்றுநோய் அங்கே இருந்தது. எண் அவரைக் கொல்லவில்லை. அந்த எண்ணில் ஒரு அர்த்தத்தைப் பார்த்தது அவர் மனம். ஆற்றல் காணாமல் போனபோது பௌலியால் ஒரு துகளைக் கணிக்க முடிந்தது, அதைச் சோதிக்கக் கருவியும் வந்தது. அம்மா போனதற்குக் காரணம் கேட்டால் பதில் தர எந்தக் கருவியும் இல்லை. அந்த இடத்தில் அவர் கடவுள் பெயரில் ஒரு அவசரப் பதிலையும் வைக்கவில்லை, அர்த்தமே இல்லை என்றும் எழுதி மூடவில்லை.

அடுத்த தடவை துக்க வீட்டில், எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் என்று சொல்ல வாய் வரும்போது கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.