தொண்டியாரும் ஒரு ஊர்க் கதையும்

ரமலான் மாசம் சாயங்காலத்துல புளியந்தோப்புப் பக்கம் போயிருக்கீங்களா? பள்ளிவாசல் வாசல்ல நோன்புக் கஞ்சிக்காகத் தூக்குவாளியோட ஒரு வரிசை நிக்கும். நோன்பு வைக்காதவங்களும் அதுல இருப்பாங்க. பாங்கு சொல்லி, நோன்பு திறந்து, கஞ்சி உள்ளே இறங்கினதும் வர்ற வார்த்தை அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் இறைவனுக்கேன்னு அர்த்தம். தும்மினாலும் அதே வார்த்தைதான். அஞ்சு வேளைத் தொழுகையில கடமையானது மட்டும் 17 ரக்அத். ஒவ்வொண்ணுலயும் ஓதுற ஃபாத்திஹா அத்தியாயத்துலயும் இந்தப் புகழ் உண்டு.

கையில எல்லாம் இருக்கிறவன் நன்றி சொல்லலாம், மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வர்றவன் எதுக்குச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு, இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்த ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்.

குணங்குடி மஸ்தான் சாகிபு. பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்துல மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் மறந்திருப்பீங்க. 1792-ல், இராமநாதபுரம் சீமையில தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில பிறந்தவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில மார்க்கக் கல்வி படிச்சார். தாய்மாமன் மகளைக் கட்டிவைக்க வீட்டுல ஏற்பாடு நடந்தப்போ, அதை உதறிட்டுத் துறவியாகக் கிளம்பிட்டார். மலை, காடுன்னு தனிமையில தவம் இருந்தார். ஊர் ஊரா அலைஞ்சு கடைசியில வடசென்னைக்கு வந்து சேர்ந்தார். இராயபுரம் பக்கம் அப்போ முள்ளும் புதருமா இருந்த இடத்துலதான் தங்கினார். இறைக் காதல்ல தன்னை மறந்து திரிஞ்சவரைச் சனங்க மஸ்தான்னு கூப்பிட்டாங்க.

இவர் எப்பவும் சிரிச்ச முகமா இருந்த மனுஷன்னு நினைச்சுடாதீங்க. பாட்டைப் படிச்சா ஏக்கமும் அழுகையும் தன்னையே நொந்துக்கிறதும்தான் நிறைய. ஆனா யார்கிட்ட கடன்பட்டிருக்கோம்ங்கிறதை மட்டும் அவர் மறக்கல. அவருக்கு 600 வருஷத்துக்கும் முன்னாடி பாக்தாத்ல வாழ்ந்த முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியைத் தன் ஞான வழிகாட்டியா ஏத்துக்கிட்டு, முகியித்தீன் சதகம் பாடினார். காசு பணம் இல்லாதவர் கையில இருந்தது தமிழ். அதைக் கொடுத்தார்.

இமாம் கஸ்ஸாலி நன்றியை மூணாப் பிரிப்பார்: கொடுத்தவரை அறியிறது, அதனால மனசுல வர்ற நிலை, அதுக்கு ஏத்த செயல். வாய் வார்த்தையோட நின்னா கணக்கு முடியாது. கஞ்சி வரிசையில யாருன்னு கேக்காம ஊத்துறாங்களே, அதுதான் அந்த மூணாவது.

மஸ்தானுக்கும் அந்த நன்றி திரும்பி வந்தது. திருத்தணிகை சரவணப்பெருமாளையர் பெரிய தமிழ்ப் புலவர், சைவர். அவர் இந்த முஸ்லிம் ஃபக்கீர் மேல நான்மணிமாலை பாடினார். 1838-ல், 50 வயசுகூட ஆகாம மஸ்தான் மறைஞ்சார். வடசென்னையிலேயே அடக்கம். இன்னைக்கும் அவர் தர்காவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க.

பாட்டுக் கட்டத் தெரியாத சனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? தொண்டியில இருந்து வந்தவரைத் தொண்டியார்னு கூப்பிட்டு, அவர் பேராலதான் தொண்டியார்பேட்டை வந்துச்சுன்னு ஒரு கதை சொன்னாங்க. அதுதான் மருவித் தண்டையார்பேட்டை ஆச்சுன்னும் சொல்வாங்க; ஆனா அந்த ஊர்ப் பேர் அவர் பிறக்கிறதுக்கு முன்னாடியே இருந்தது.

அரியர், பிளேஸ்மென்ட், வீட்டு வாடகைன்னு நம்ம கவலை எதுவும் பொய்யில்ல. அதெல்லாம் இல்லாத மாதிரி நடிக்கிறது நன்றி ஆகாது. மஸ்தானும் நடிக்கல. கவலைக்கு நடுவுலயும், நமக்குக் கொடுத்தவங்க யாருன்னு ஞாபகம் வெச்சு, நம்மகிட்ட இருக்கிறதுல ஒரு கரண்டி அடுத்தவனுக்கு ஊத்த முடியுமாங்கிறதுதான் விஷயம்.

அடுத்த தடவை மெட்ரோவுல விம்கோ நகர் பக்கம் போனா, தண்டையார்பேட்டைன்னு அறிவிப்பு வரும். ஒரு நிமிஷம் ஹெட்போனைக் கழட்டிக் கேளுங்க. ஒரு ஊரே தன் கதையில சொல்லிக்கிட்டு இருக்கிற நன்றி அது.