மண்டபத்து முழக்கத்தைப் பெட்டியில் அடைத்தவர்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். அந்தப் பக்கத்து ஊர்களில் கோவில் கொடை என்றால் மைக் செட் கட்டாயம் உண்டு. வில்லுப்பாட்டு நடப்பது வெட்டவெளியில். குரலோ கல் மண்டபத்துக்குள் பாடுவதுபோல முழங்கும். பெட்டியில் உள்ள 'எக்கோ' குமிழின் வேலை அது.

இன்று அதைச் செய்வது சிறு சில்லு. முன்பு அந்த வேலையைச் செய்தது ஸ்பிரிங். அதை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றவர் லாரன்ஸ் ஹாமண்ட்.

தந்தையை இழந்த சிறுவன்

ஹாமண்ட் 1895-ம் ஆண்டு அமெரிக்காவில் இவான்ஸ்டன் நகரில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். ஓவியரான தாய், பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். 14 வயதில் ஹாமண்ட் தாய்நாடு திரும்பினார். 1916-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயர் ஆனார்.

'டிக் டிக்' சத்தம் கேட்காத கடிகாரம் செய்தார். 1928-ல் மின்சாரக் கடிகாரக் கம்பெனி தொடங்கினார். உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. கம்பெனியும் ஆட்டம் கண்டது.

ஹாமண்ட் மனம் தளரவில்லை. கடிகார மோட்டாரைக் கொண்டே பல் வைத்த சிறு சக்கரங்களைச் சுழற்றி இசை எழுப்பினார். 1934-ல் மின்சார ஆர்கனுக்குக் காப்புரிமை பெற்றார். அவரோ இசைக் கலைஞர் அல்ல!

வழக்கு வந்தது

தேவாலயங்களில் பெரிய குழாய் ஆர்கன்கள் உண்டு. அவற்றுக்கு இது சமம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. 1936-ல் அரசின் வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் சோதனை நடந்தது. எந்தக் கருவி ஒலிக்கிறது என்று கண்டுபிடிப்பதில் நிபுணர்களே பலமுறை தவறினார்கள். ஆனாலும் 1938-ல் கமிஷன் அந்த விளம்பரத்துக்குத் தடை போட்டது.

தேவாலயத்தில் நன்றாக ஒலித்த கருவி, வீட்டுக் கூடத்தில் சப்பென்று இருந்தது. காரணம் என்ன? கூடத்தில் உயர்ந்த கற்சுவர் இல்லை. ஒலி மோதித் திரும்ப வழி இல்லை.

கை கொடுத்த ஸ்பிரிங்

தொலைதூரத் தொலைபேசியில் பேச்சு தாமதமாகச் சேருவதை ஆராய, பெல் ஆய்வுக்கூடத்தார் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தியிருந்தனர். ஹாமண்ட் அதைத் தம் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டார். முதலில் அது சுமார் 4 அடி உயரம் இருந்தது. பிறகு ஒன்றரை அடிக்கும் குறைவான தகரப் பெட்டியாகச் சுருங்கியது.

வேலை எளிது. ஒரு வால்வு தரும் மின்சாரம், கம்பிச்சுருள் வழியே ஸ்பிரிங்கின் ஒரு முனையை அதிர வைக்கும். அதிர்வு மறுமுனைக்குச் செல்லச் சிறிது நேரம் பிடிக்கும். அங்கே முட்டி, மறுபடி திரும்பும். ஒவ்வொரு முறையும் தேயும். மறுமுனைச் சுருள் அதை மீண்டும் மின்சாரமாக்கும். அது மிக மெலிந்தது. இன்னொரு வால்வு அதைப் பெருக்கி மூல ஒலியோடு கலக்கும். மண்டபம் தயார்!

1961-ல் பெண்டர் கம்பெனி இந்தப் பெட்டியைக் கிட்டாருக்குத் தந்தது. 1963-ல் ஆம்ப்ளிபையருக்குள்ளேயே வைத்தது.

ஹாமண்ட் 1960-ல் ஓய்வு பெற்றார். 1973-ல் தமது 78-வது வயதில் காலமானார்.

பழைய வால்வுப் பெட்டியைக் கிட்டார் ஆம்ப்ளிபையராக மாற்றுகிறவர்கள் இன்றும் ஸ்பிரிங்கைச் சேர்க்கிறார்கள். அதை மின்மாற்றியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரைச்சல் வரும். பெட்டியைத் தட்டினாலோ இடி இடிக்கும்!