துர்காபாய் தேஷ்முக்: எட்டு வயதில் கல்யாணம், குடும்ப நீதிமன்றம் கேட்ட வக்கீல்

பொழிச்சலூர், பம்மல் பக்கமிருந்து மந்தைவெளி, மயிலாப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அடையாறு திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் ‘டாக்டர் துர்காபாய் தேஷ்முக் சாலை’ என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். யார் இவர்? குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று 1950-களிலேயே கேட்டவர்.

1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதில் கல்யாணம் முடிந்துவிட்டது. விவரம் தெரிந்த வயதில், இந்த வாழ்க்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவும் தம்பியும் கூட நின்றார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பிறந்த வீடு கைவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் கணவர் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவர் இறந்ததும், அவருடைய மனைவி கைத்தொழில் பயிற்சியில் சேர உதவியவர் துர்காபாய்தான்.

1930-ல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கினார். அடுத்த சில வருடங்களில் மூன்று முறை சிறை. வேலூர், மதுரை இரண்டையும் பார்த்தார். அங்கேதான் திருப்பம். கூட இருந்த பெண் கைதிகள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் மேல் என்ன வழக்கு, அதில் என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்பதுகூடத் தெரியாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் துர்காபாய்க்கு அங்கே விழுந்தது.

ஆனால் அவரே பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெளியே வந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வில் தொடங்கி, எம்.ஏ. முடித்து, 1942-ல் சட்டப் பட்டம் வாங்கி, சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல் ஆனார். நடுவில் 1937-ல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கினார். தான் எழுதிய அதே மெட்ரிக் தேர்வுக்கு மற்ற பெண்களைத் தயார் செய்ததுதான் அதன் ஆரம்ப வேலைகளில் ஒன்று. கையில் ஒரு சான்றிதழ், ஒரு தொழில். அடிக்கிற வீட்டை விட்டு வெளியே வருகிறவளுக்கு முதலில் தேவைப்படுவது இதுதானே?

அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் இவரும் ஒருவர். 1953-ல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். படிப்பை விட்ட பெண்களைக் குறுகிய காலத்தில் தேர்வுக்குத் தயார் செய்யும் திட்டத்தை 1958-ல் வாரியம் நாடு முழுக்கக் கொண்டுபோனது. நர்ஸ், டீச்சர் வேலைக்குப் போக அது வழி திறந்தது.

1953-ல் சீனா போனபோது அங்கே குடும்ப வழக்குகளைத் தனியாக விசாரிப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து நேருவிடமும் நீதிபதிகளிடமும் அதைப் பேசினார். சட்டம் வந்தது 1984-ல்தான். அவர் 1981-லேயே காலமாகிவிட்டார்.

குடும்ப நீதிமன்றங்களில் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். முதலில் சமரசம்தான் பேசுவார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஜீவனாம்சத் தகராறுக்குச் சமரசம் சரி. அடி வாங்கியவளிடம் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்று சொல்வது சமரசம் ஆகாது. அந்த இடைவெளியை அடைக்க 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. வீட்டை விட்டுத் துரத்தாமல் இருக்க, அருகில் வராமல் தடுக்க, இதன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். ஏற்கெனவே குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் அங்கேயே கேட்கலாம்.

மனுவை எழுதித் தாக்கல் செய்ய உதவுவது மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் வேலை. பொழிச்சலூர்க்காரர்களுக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். அவசரம் என்றால் 181.