பறவை மனிதர் சலீம் அலி

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருதீன் வளர்த்தார். ஒருநாள் சிறுவன் சலீம் தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தபோது, அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. மற்றச் சிட்டுகளுக்கு இல்லாத நிறம் இதற்கு மட்டும் ஏன்? மாமாவுக்கும் விடை தெரியவில்லை.

விடை தேடிச் சிறுவன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றான். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். அன்று பிறந்த ஆர்வம் வாழ்நாள் முழுவதும் தணியவில்லை.

ஆயினும் வாழ்க்கை எளிதாக அமையவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் ஆய்வாளர் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. 1926-இல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டும் விரிவுரையாளர் ஆனார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பறவையியல் பயின்றார். 1930-இல் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையின்றி இருந்த அவர், மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. மறைவிடத்தில் அமர்ந்து நாள்தோறும் அவற்றைக் கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து பார்வையிடுகிறது. அதற்குப் பிடித்தால்தான் கூடு முழுமை பெறுகிறது. பின் ஆண்குருவி வேறொரு கூட்டைத் தொடங்கி, மற்றொரு துணையை நாடுகிறது. இவ்வுண்மைகளை அவர் 1931-இல் கட்டுரையாக வெளியிட்டார். வேலையிழந்த காலமே அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

அதன்பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தார். ஊதியம் வேண்டாம், பயணச் செலவு மட்டும் போதும் என்று அப்பணியை ஏற்றார். தெஹ்மினாவும் வசதிகளைத் துறந்து காட்டுக் கூடாரங்களில் உடன் தங்கினார். 1939-இல் அவர் மறைந்தது சலீம் அலிக்குப் பேரிழப்பாயிற்று. துயரத்திலும் பணியைத் தொடர்ந்தார். 1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல், சாதாரண மக்களும் பறவைகளை இனங்காண உதவியது.

தேடிச் சென்ற பறவையெல்லாம் அவர் கண்ணில் பட்டதில்லை. நெடுங்காலம் எவரும் காணாதிருந்த ஃபின் தூக்கணாங்குருவியைக் குமாவுன் மலையடிவாரத்தில் மீண்டும் கண்டறிந்தார். ஆனால் 1876-க்குப் பின் உறுதியாக எவராலும் காணப்படாத இமயமலைக் காடை அவருக்கும் அகப்படவில்லை. அதைத் தேடிச் சென்றவர் வெறுங்கையுடன்தான் திரும்பினார். இன்றளவும் அப்பறவை இருக்கிறதா என்பது புதிராகவே உள்ளது. கிடைத்த வெற்றியால் செருக்குறாமலும், கிட்டாத பறவையால் சோர்வுறாமலும் அவர் முதுமையிலும் தொலைநோக்கியுடன் நடந்தார்.

பரத்பூர்ப் பறவைகள் சரணாலயத்தையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்கக் குரல் கொடுத்தார். 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987-இல் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று இயங்கி வருகிறது. ஒரு சிறு குருவியைப் பற்றிய கேள்வி, ஒரு சிறுவனை நாடறிந்த அறிஞராக்கியது.

விடை எழுதுக:
1. சிறுவன் சலீம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றது ஏன்?
2. வேலையின்றி இருந்த காலத்தைச் சலீம் அலி எவ்வாறு பயன்படுத்தினார்?
3. உங்கள் வீட்டருகே ஒரு பறவையை ஒரு வாரம் கவனித்து, கண்டவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.