நோய்க் கட்டிலில் 19 ஆண்டுகள்: டோனாவூர் அம்மையின் வாழ்க்கை

அடுகோடியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியது இல்லை. ஒரு பக்கம் நிம்ஹான்ஸ், கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி. இன்னொரு பக்கம், கோரமங்களா போகும் வழியில் செயிண்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரி. சேலம், தர்மபுரி, வேலூர் பக்கத்தில் இருந்து எக்ஸ்ரே கவரோடு பஸ்சில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது இங்குள்ள உறவினர் வீட்டைத்தான். ஷிப்டு முடிந்து வந்த களைப்போடு, இரவில் நோயாளியின் பக்கத்தில் விழித்து இருந்தவர்கள் நம்மில் பலர்.

அப்படி விழித்து இருக்கும் நேரத்தில் ஒரு கேள்வி எழும். எவ்வளவோ வேண்டிக் கொண்டோமே, ஏன் சுகம் வரவில்லை?

இந்தக் கேள்வியோடு ஏறத்தாழ 20 ஆண்டுகள் படுக்கையில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் கதை இது. அவர் பிறந்தது அயர்லாந்தில். மறைந்தது நெல்லைச் சீமையில். இந்தியாவுக்கு வந்த புதிதில் அவர் தங்கிய ஊர் நமது பெங்களூர்.

அவர் பெயர் எமி கார்மைக்கேல். தமிழ் மக்கள் அவரை அழைத்தது அம்மை என்று.

ஆலை முதலாளியின் மகள்

வட அயர்லாந்தில் கடலோரக் கிராமமான மில்ஐலில் 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி எமி பிறந்தார். தந்தை மாவு ஆலை வைத்திருந்தவர். ஏழு பிள்ளைகளில் எமிதான் மூத்தவர்.

எமிக்கு 17 வயது ஆனபோது தந்தை இறந்து விட்டார். குடும்பத்தின் வசதியும் குறைந்தது. ஆனாலும் அந்தப் பெண் வீட்டுக்குள் முடங்கவில்லை. பெல்பாஸ்ட் நகரின் ஆலைப் பெண்களைத் தேடிப் போனார். தொப்பி வாங்கப் பணம் இல்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக் கொண்டு வேலைக்குப் போன ஏழைப் பெண்கள் அவர்கள். கோவிலுக்கு வரும் பெரிய மனிதர்கள் அந்தப் பெண்களைக் கண்டு முகம் சுளித்தார்கள். எமி அவர்களுக்கென்று 500 பேர் உட்காரும் தகரக் கொட்டகை ஒன்றை எழுப்பி, 1889-ல் திறந்து வைத்தார்.

அவருக்குச் சிறு வயது முதலே உடம்பு சரியில்லை. நரம்பு வலி. அது வந்தால் வாரக் கணக்கில் படுக்கைதான். சீனாவுக்கு மிஷன் ஊழியத்துக்குப் போக விண்ணப்பித்தார். உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்து விட்டார்கள். 1893-ல் ஜப்பான் போனார். அங்கும் 15 மாதங்களில் உடம்பு கெட்டது. இலங்கையில் சில காலம் இருந்து விட்டு, ஊருக்கே திரும்பினார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பெட்டியைப் பரணில் போட்டு இருப்பார்கள்.

பெங்களூரில் காய்ச்சலோடு

பெங்களூரில் நர்சாக இருந்த தோழி ஒருவர், இந்த ஊரின் குளிர்ச்சியைப் பற்றி எமிக்கு எழுதினார். இந்தத் தட்பவெப்பம் உனக்கு ஒத்துக் கொள்ளும் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. மிஷன் சங்கத்தின் பெண்கள் பிரிவு ஒன்று அவரை ஏற்றுக் கொண்டது. 1895-ம் ஆண்டு நவம்பரில் அவர் வந்து சேர்ந்தார். வரும்போதே கூட வந்தது டெங்கு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வந்தவர், முதலில் நோயாளியாகத்தான் படுத்தார்.

அன்றும் பெங்களூர் தண்டுப் பகுதியில் தமிழ்தான் அதிகம் ஒலித்தது. பட்டாளத்தோடு வந்த கூலிகள், சமையல்காரர்கள், துரை வீட்டு ஆயாக்கள், கடைக்காரர்கள் எல்லாம் தமிழர்கள். எனவே எமி படிக்கத் தொடங்கிய மொழியும் தமிழே. மண்டையை உடைத்துக் கொண்டு படித்தார். இடையில் சின்னக் குதிரை ஒன்றின் மேல் ஏறிக் காற்றாய்ப் பறப்பார். வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு அது பிடிக்கவில்லை. டீ விருந்துகளும் வெட்டிப் பேச்சும் எமிக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் அவர் தனிமையில் வாடினார் என்பதே உண்மை.

ஓர் ஆண்டுக்குள், தமிழில் நல்ல புலமை பெற்ற தாமஸ் வாக்கர் என்ற பாதிரியாரைச் சந்தித்தார். 1896-ன் இறுதியில் அவரிடம் தமிழ் கற்கத் திருநெல்வேலிப் பக்கம் போனார். அதன்பிறகு ஒரு முறை கூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 55 ஆண்டுகள்! வருடம் ஒரு முறை பொங்கலுக்கு ஊருக்குப் போகாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. அவருக்கோ இதுவே ஊர் ஆகி விட்டது.

பிள்ளை பிடிக்கிற அம்மாள்

சேலை கட்டிக் கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அப்போதுதான் ஒரு கொடுமை அவர் கண்ணில் பட்டது. சின்னஞ்சிறு பெண் குழந்தைகளைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அன்று இருந்தது. (டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நெடுங்காலம் போராடிய பிறகு, 1947-ல் சென்னை மாகாணம் சட்டம் போட்டு அதை நிறுத்தியது.)

1901-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள். பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, அப்படிப்பட்ட ஒரு வீட்டில் இருந்து தப்பி, பண்ணைவிளையில் எமி தங்கி இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஒரு முறை தாயிடம் ஓடிப் போனதற்காக அவள் கைகளில் சூடு வைத்து இருந்தார்கள். அந்த வெள்ளைக்கார அம்மாள் பிள்ளை பிடிக்கிறவள் என்று சொல்லி அவளைப் பயமுறுத்தி வைத்து இருந்தார்கள். பிடிக்கட்டும் என்றுதான் அவள் வந்தாள். வந்தவள் எமியின் மடியில் ஏறி உட்கார்ந்து கொண்டாள்.

அன்றோடு மாட்டு வண்டிப் பயணம் குறைந்தது. களக்காடு பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள டோனாவூரில் குழந்தைகள் இல்லம் வளர்ந்தது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். யாரிடமும் நன்கொடை கேட்பது இல்லை, தேவையைக் கடவுளிடமே சொல்வது என்பது அங்கே சட்டம்.

இதை வைத்து எல்லாம் சுகமாக நடந்தது என்று எண்ண வேண்டாம். நெய்யூரில் நடத்திய சிசு இல்லத்தில் 1905-ல் சீதபேதி பரவிப் பல குழந்தைகள் இறந்தன. துணையாக இருந்த வாக்கர் 1912-ல் மறைந்தார். எமியின் வலது கையாக இருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் நடந்தது. வேதத்தில் சொல்லி இருக்கிறபடி எண்ணெய் பூசி, கூடி ஜெபித்தார்கள். சுகம் கிடைக்கவில்லை. வலிதான் கூடியது. 1915-ல் பொன்னம்மாள் இறந்தார்.

ஜெபித்தால் நோய் ஓடிவிடும் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். எமி தாண்டவில்லை. மருந்தும் வேண்டும், டாக்டரும் வேண்டும் என்று டோனாவூரிலேயே ஆஸ்பத்திரி கட்ட முனைந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பரம சுக சாலை.

அந்தி நேரத்தில்

1931-ம் ஆண்டு அக்டோபர் 24-ந்தேதி. எமிக்கு 63 வயது.

அன்று காலை வழக்கம்போல ஜெபம் செய்தார். உமக்குப் பணி செய்ய என்னைத் தகுதியாக்க எது வேண்டுமானாலும் செய்யும் என்பது அதன் கருத்து. மாலையில், மருந்தகம் திறக்க வாடகைக்கு எடுத்து இருந்த வீட்டைப் பார்க்கக் களக்காடு போனார். இருட்டிக் கொண்டு வந்த நேரம். கக்கூசுக்காக வேலையாட்கள் குழி தோண்டி இருந்தார்கள். தோண்ட வேண்டிய இடத்தில் தோண்டவில்லை. அது அவருக்குத் தெரியாது.

காலை வைத்தார், விழுந்தார்.

கால் எலும்பு முறிந்தது. கணுக்கால் பிசகியது. முதுகும் அடிபட்டது. கரடுமுரடான ரோட்டில் லாரியில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் இருந்த டாக்டர் சோமர்வெல் பணியாற்றிய ஆஸ்பத்திரி அது. சில வாரங்களில் எழுந்து நடப்பார் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

நடக்கவில்லை. ஒன்று மாற்றி ஒன்று வந்தது. மூட்டு வாதம், நரம்பு அழற்சி, சிறுநீர்ப் பைக் கோளாறு, தூக்கம் இல்லாத இரவுகள். டோனாவூரில் அவர் இருந்த அறையே அவருடைய உலகம் ஆயிற்று. அந்த அறைக்குச் சமாதான அறை என்று பெயர்.

பெயர் அப்படி. உள்ளே நடந்தது போராட்டம். ஓடி ஓடி உழைத்த பெண்மணி அவர். தன் குழந்தைகள் தூரத்தில் பாடுவது காதில் விழும், எழுந்து போக முடியாது. பிறருக்குப் பாரமாகி விட்டோம் என்ற எண்ணம் வாட்டும். வலிக்கு மருந்து உண்டு. அந்த எண்ணத்துக்கு மருந்து எங்கே? வீட்டில் மூட்டு வலியோடு உட்கார்ந்து இருக்கும் நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நோயாளிக்கு நோயாளி எழுதியது

நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் நூல்களை நண்பர்கள் அனுப்பினார்கள். அவை எமியின் மனதைத் தொடவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தார். அவற்றை எழுதியவர்கள் எல்லாம் நல்ல உடம்போடு இருந்தவர்கள்! தலையணையில் தலை வைத்துத் தவிக்கிறவனுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர் சொல்வது எட்டவில்லை.

எனவே தாமே எழுதினார். தம்மைப் போல் படுத்துக் கிடந்தவர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். அவை 1933-ல் நூலாக வந்தன. முள்ளில் இருந்து பறித்த ரோஜா என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். நோய் தனக்குப் பிடித்து இருப்பதாக அவர் எங்கும் பொய் சொல்லவில்லை. நோயை நல்லது என்று புகழவும் இல்லை. சுகம் வேண்டும் என்று கேட்பதை விடவும் இல்லை.

அவர் கண்ட வழியை நான் புரிந்து கொண்ட அளவில் சொல்கிறேன். துன்பத்தை மறக்க முயன்றார், முடியவில்லை. வேலையில் மூழ்கி அடக்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. வேறு கதி இல்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாலும் மனம் ஆறவில்லை. சிலுவையில் வேதனைப்பட்ட ஏசு இந்த வலியை அறிந்தவர், அவர் கையில் இருந்து இதைப் பெற்றுக் கொள்கிறேன் என்று மனதார ஏற்றபோதுதான் அமைதி வந்தது. விதியே என்று விட்டு விடுவதும், ஏற்றுக் கொள்வதும் அவருக்கு ஒன்று அல்ல. முதலாவதில் மனம் சுருங்கும். இரண்டாவதில் அடுத்த கட்டிலில் இருப்பவரைப் பார்க்கக் கண் திறக்கும்.

பவுல் அப்போஸ்தலர் தம் உடம்பில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார் என்றும், முள் நீங்காமல் அதைத் தாங்கும் கிருபை கிடைத்தது என்றும் வேதம் கூறுகிறது. படுக்கையில் இருந்து படித்தபோது எமிக்கு அது பழைய கதையாகத் தெரியவில்லை.

அந்த அமைதியும் ஒரே நாளில் வந்து நிலைத்து விடவில்லை. வலி கூடிய இரவுகளில் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டி இருந்தது.

படுத்தபடியே பணி

அறையில் இருந்தபடியே இல்லத்தை வழி நடத்தினார். குழந்தைகளுக்கும் ஊழியர்களுக்கும் துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதி அனுப்புவார். தேடி வந்தவர்களைக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார். அவர் வாழ்நாளில் எழுதிய நூல்கள் 35-க்கும் மேல். அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை இந்தப் படுக்கையில் பிறந்தவை. வராந்தாவில் பறவைகள் வைத்து இருந்தார். அவற்றைப் பார்ப்பதில் குழந்தையைப் போல் மகிழ்வார்.

கண்டிப்பானவர் என்றும் சொல்ல வேண்டும். பொய்யைப் பொறுக்க மாட்டார். தன்னோடு பணி செய்கிறவர்களும் தன்னைப் போலவே எல்லாவற்றையும் துறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். சிலரால் அது முடியவில்லை, போய்விட்டார்கள்.

துயரங்கள் அறைக்குள்ளும் தேடி வந்தன. சிறு வயதில் தன்னிடம் வந்து, தனக்குப் பின் பொறுப்பு ஏற்பாள் என்று நம்பி இருந்த அருளாய் 1939-ல் இறந்தாள். 1948-ம் ஆண்டு ஜூனில் எமி அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். கையும் இடுப்பும் முறிந்தன. அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. அடுத்த தலைவர் என்று அவர் எண்ணி இருந்த காட்பிரே வெப்-பெப்ளோ 1949-ல் காலமானார். வயதில் எவ்வளவோ இளையவர் அவர்.

1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி அதிகாலையில், 83-வது வயதில், தூக்கத்திலேயே அம்மையின் உயிர் பிரிந்தது.

தன் புதைகுழி மேல் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லி இருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லை மீறவில்லை. மரத்தடியில், பறவைகள் வந்து தண்ணீர் குடிப்பதற்கு ஒரு கல் தொட்டியை மட்டும் அங்கே வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்லைச் செதுக்கினார்கள்: அம்மை.