ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

1871-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நிலைகுலைந்த சிக்காகோ நகரம், இருபதே ஆண்டுகளில் பத்து இலட்சம் மக்கள் வாழும் பேரூராயிற்று. ஆயினும், இத்தாலி, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகளின் தெருக்களில் மரப்பெட்டிகள் குப்பையால் நிரம்பி வழிந்தன. குழந்தைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடினர்.

1860-இல் செல்வக் குடியில் பிறந்த ஜேன் ஆடம்ஸ் அம்மையார், 1889-இல் தம் தோழியுடன் அத்தெருக்களிடையே ‘ஹல் இல்லம்’ என்னும் பழைய மாளிகையில் குடிபுகுந்தார். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகமும், தொழிலாளர்க்கு மாலை வகுப்பும் அங்கே நடந்தன.

குப்பை கிடக்கும்வரை அக்குழந்தைகளின் உயிருக்குக் காப்பில்லை என்பதை அம்மையார் கண்டார். முறையீடுகள் பயன்தரவில்லை. 1895-இல் குப்பை அள்ளும் குத்தகையையே தமக்குத் தருமாறு கேட்டார். அது மறுக்கப்பட்டது, ஆனால், நகரத் தலைவர் அவரை அவ்வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளராக அமர்த்தினார். அம்மையார் காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே சென்றார். பெண்ணுக்கு இஃது அடுக்குமோ என்று அண்டை வீட்டு மகளிரே முகஞ்சுளித்தனர். ஒரு குறுந்தெருவில் ஒன்றரை அடி ஆழம் வெட்டி எடுத்தபின், பாவிய தெருத்தளம் ஒன்று வெளிப்பட்டது! நகராட்சியின் பழைய ஏடுகளில் அதைப் பற்றிய குறிப்பு பின்னரே கிடைத்தது. நகரில் இறப்பு மிகுந்த வட்டாரங்களுள் மூன்றாவதாய் இருந்த அப்பகுதி ஏழாவதாயிற்று.

1931-இல் அமைதிக்கான நோபல் பரிசில் பாதியைப் பெற்ற அம்மையார், 1935-இல் மறைந்தார்.