பார்வை போன பின்னும் பாடம் நிற்கவில்லை

நம் நாட்டு மதரஸாக்களில் ஹதீஸ் ஓதி ஸனது பெற்ற ஆலிம்களில் பெரும்பாலோருடைய உஸ்தாதுமார்களின் தொடர், டெல்லி ஷாஹ் அப்துல் அஸீஸ் முஹத்திஸ் (ரஹ்) அவர்கள் வழியாகவே மேலே செல்கிறது. அந்த மகான் கண் பார்வையை இழந்தவர்கள் என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஹிஜ்ரி 1159 ரமலானில், அதாவது 1746ல், ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களின் மகனாக டெல்லியில் பிறந்தார்கள். 1762ல் தந்தையார் வபாத்தானபோது அவர்களுக்கு ஹிஜ்ரிக் கணக்கில் 17ஆம் வயதுதான் நடந்துகொண்டிருந்தது. அந்த வயதிலேயே தந்தையாரின் ரஹீமிய்யா மதரஸாவின் பொறுப்பும், தம்பிமார்களை ஆளாக்கும் பொறுப்பும் அவர்கள் தோளில் விழுந்தன. இளமையிலேயே பல நோய்கள் பற்றிக்கொண்டன. நாளடைவில் கண் பார்வையும் போய்விட்டது.

கிதாபுகளோடே வாழ்ந்தவருக்குக் கண் போவது எத்தகைய சோதனை! ஆயினும் அவர்கள் மூலையில் முடங்கவில்லை. சுற்றியிருந்தவர்களும் முடங்க விடவில்லை. மதரஸாப் பாடங்களின் பெரும் பகுதியைத் தம்பிமார்களான ஷாஹ் ரபீஉத்தீன், ஷாஹ் அப்துல் காதிர் (ரஹ்) ஆகியோர் ஏற்றுக்கொண்டனர். அவர்கள் பார்ஸி மொழியில் சொல்லச் சொல்ல, மாணவர் எழுதியெடுத்ததே தப்ஸீர் அஸீஸீ. மகள் வழிப் பேரர் ஷாஹ் முஹம்மது இஸ்ஹாக் நாள்தோறும் திருக்குர்ஆனில் ஒரு ருகூஉ ஓதுவார். பாட்டனார் அதற்கு விளக்கம் சொல்வார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, வலமும் இடமும் இருவர் தாங்கிக்கொள்ள, மதரஸாவுக்கும் ஜும்ஆ மஸ்ஜிதுக்கும் நடுவிலுள்ள வீதியில் உலாவுவார்கள். மக்கள் அங்கே காத்திருந்து தம் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிவார்கள்.

மூன்று தம்பிமார்களும் அவர்களுக்கு முன்பே வபாத்தாகிவிட்டனர். வளர்த்த கைகளாலேயே வழியனுப்ப நேர்ந்த துயரம் அது. அப்போதும் ஓதுகின்ற பேரரும், கேள்வி கேட்கின்ற மாணவர்களும் பக்கத்தில் இருந்தார்கள். ஹிஜ்ரி 1239 ஷவ்வாலில், 1824ல், அவர்கள் வபாத்தாகித் தந்தையாரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

இந்த வரலாற்றை நம் வீட்டுத் திண்ணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடைசெவல், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் ஊர்களில் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்கும் வெளியூருக்கும் போய்விட, காது மந்தமான அத்தாவோ கண் மங்கிய அம்மாவோ தனியே உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. வேளைக்குச் சோறு கிடைக்கிறது. பேச்சு கிடைப்பதில்லை. இரண்டு முறை சொல்லியும் விளங்காவிட்டால், மூன்றாம் முறை ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டுப் போகிறோம். முதுமை அடைந்த பெற்றோரிடம் சீ என்ற சொல்லையும் சொல்லக் கூடாதென்று திருக்குர்ஆன் தடுத்திருக்க, இந்தக் கையசைப்பு அதற்கு எவ்வளவு தூரம்?

2024ல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு, அறிவு மங்கும் மறதி நோய்க்கு வழிவகுக்கக் கூடிய, தவிர்க்க இயலும் காரணங்களாக 14ஐ எடுத்துரைத்தது. காது மந்தம், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, மக்கள் தொடர்பற்ற தனிமை ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கும். நோயும் சுகமும் அல்லாஹ்வின் நாட்டம். ஆயினும் வைத்தியம் செய்துகொள்வது ஸுன்னத்தான வழியாகும்.

ஆகவே வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல், கண்ணில் புரை விழுந்தால் அறுவை சிகிச்சை செய்விக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் படக் கூடாத நாட்களில் ஒளூவும் தொழுகையும் எப்படி என்பதைத் தங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறியலாம். காது கேட்கும் கருவி அணிந்து தொழுவதில் குற்றமில்லை. குத்பாவும் கிராஅத்தும் காதில் விழ அது உதவும். மஸ்ஜிதுக்கு நடக்க முடிந்தவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். பேரப்பிள்ளை மக்தபில் ஓதிய பாடத்தைப் பாட்டனாரின் காதருகே ஓதிக் காட்டட்டும். வீட்டுக் காரியங்களில் அவர்களிடம் யோசனை கேளுங்கள். கேட்கப்படும் மனிதர் தாம் வேண்டப்படுகிறோம் என்பதை அறிவார்.

ஷாஹ் ஸாஹிப் அவர்களின் இல்மை நாம் எட்ட முடியாது. அவர்களுடைய பேரர் செய்த கித்மத்தை எந்த வீட்டுப் பிள்ளையும் செய்ய முடியும். அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.